சண்டைப் படத்துக்கு அம்மா போட்ட மார்க்

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உன் அத்தை என்னைவிடச் சௌக்கியம், அக்காவும் அவள் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறார்கள். நீயும் சுகமாக இருப்பதாக உன் கடிதம் சொல்கிறது, அதில் பாதியை நம்புகிறேன், மீதிப் பாதியை ஏன் நம்பவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. கண் ஆபரேஷனுக்குப் பிறகு புதுக் கண்ணாடி வந்துவிட்டது, இப்போது எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் காயும் துணியில் எந்தச் சட்டைக்குப் பொத்தான் இல்லை என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகியது. குழாய் ரிப்பேர்க்காரர் வந்து பார்த்துவிட்டு, இந்தக் குழாய்க்கு என் வயசு ஆகுதும்மா, ரெண்டு பேரையும் திட்டாம விட்ருங்க என்றார். ஒழுகுவது நின்றுவிட்டது, அவர் பேசுவதுதான் நிற்கவில்லை. உன் அத்தை உன் அப்பாவின் தங்கை என்கிற உரிமையில் காலையில் மேல் மாடியிலிருந்து இறங்கி வருகிறாள், இரவுச் சாப்பாடு முடிந்துதான் ஏறுகிறாள், என் நாற்காலி அவளுடையது, என் செய்தித்தாள் அவளுடையது, என் பிஸ்கட் டப்பா யாருடையது என்பதை நீயே ஊகித்துக்கொள். அவள் இல்லாவிட்டால் வீடு வெறிச்சென்று இருக்கும் என்பதை அவளிடம் சொல்லிவிடாதே, ஏற்கெனவே தலையில் கனம் அதிகம்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ முதல்முறையாக ஸ்டன்ட் மாஸ்டராகப் பொறுப்பெடுத்துச் செய்த படம் வெளிவந்துவிட்டது, நம் குடியிருப்பு ஹாலில் அதைப் போடுவார்களா, போட்டால் நீ எத்தனை மார்க் கொடுப்பாய், எனக்காக ஒன்றும் கூட்டாதே அம்மா, குறைக்கவும் குறைக்காதே என்று எழுதியிருந்தாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தாய். அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. உண்மைதான், நான் சொன்னதில்லை. நல்ல கம்பெனியில் கட்டட வரைபடம் வரைந்துகொண்டிருந்த பிள்ளை, அதை விட்டுவிட்டுச் சண்டை போடப் போகிறேன் என்று வந்து நின்றால் எந்தத் தாய் வாயைத் திறப்பாள். யாராவது கேட்டால், மகன் சினிமாவில் தொழில்நுட்பப் பிரிவில் இருக்கிறான் என்று சொல்லி வந்தேன். அது பொய் இல்லை, கொஞ்சம் சுற்றிப் போகிற உண்மை. நீயும் ஒவ்வொரு கடிதத்திலும், நான் இப்போதெல்லாம் டூப் போடுவதில்லை அம்மா, விழுவதும் உருளுவதும் சின்னப் பையன்கள்தான், நான் ஓரமாக நின்று சொல்லிக் கொடுப்பதோடு சரி என்று எழுதுவாய், படித்துவிட்டு நிம்மதியாகக் கடிதத்தை மடித்து வைப்பேன்.

நீ போன பிறகு ஆரம்பித்த ஏற்பாடு என்பதால் ஹால் விவகாரத்தை உனக்கு விளக்கிவிடுகிறேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை, கீழே டேபிள் டென்னிஸ் மேஜையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, மடக்கு நாற்காலிகளைப் போட்டு, சுவரில் திரை கட்டிப் படம் போடுகிறார்கள். குழந்தைகளோடு எல்லாரும் வருவார்கள். ஒருமுறை விளங்காத படம் ஒன்றைப் போட்டு, பாதியில் நாலு குடும்பம் எழுந்து போய், லிஃப்டுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. அதற்குப் பிறகு சங்கச் செயலாளரான நம் பல் டாக்டர் ஒரு குழு அமைத்தார். படத்தை முன்கூட்டியே நம் வீட்டு ஹாலில் பார்த்துவிடுவோம். பொழுதுபோக்குக்குப் பத்துக்கு எத்தனை என்று உன் அத்தை போடுவாள், ஒழுக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று நான் போடுவேன், இரண்டும் லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகையில் ஏறும். ஒழுக்கத்தில் ஐந்துக்குக் கீழே போனால் படம் கிடையாது. பல் டாக்டர் படத்தைக் கொண்டுவருவார், ரிமோட் பிடிப்பார், எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காருவார், அந்த மூன்றாவதுதான் கடினமான வேலை என்பார்.

நான் சண்டைப் படத்துக்கு மட்டும் கறார் என்று நீ நினைத்துவிடாதே. போன மாதங்களில் ஒரு குடும்பப் படம் வந்தது, ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த படம். உன் அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒன்பது போட்டாள். நான் மூன்று போட்டேன். அதில் அந்த வீட்டுப் பெரிய பிள்ளை, சாப்பாடு ஆறிப்போனதற்காக எல்லார் முன்னாலும் பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்கிறான், அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே இன்னொரு தட்டில் சுடச்சுடப் பரிமாறுகிறாள், பின்னால் புல்லாங்குழல் வாசிக்கிறார்கள். கடைசியில் அவன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, குடும்பமே சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறது. நான்கு தலைமுறையைச் சோபாவில் உட்கார வைத்தால் அது குடும்பப் படம் ஆகிவிடுமா. மூன்றாம் மாடித் தையல்காரம்மா, உனக்குத் தெரியுமே, பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்துக் கொடுத்தவள், அவளுக்கு அந்தப் படம் உயிர். மூணு மார்க் போட உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு, அந்த அறைக்குப் பிறகுதானே அவங்களுக்குள்ள அன்பே வருது என்று லிஃப்டில் பிடித்துக்கொண்டாள். அன்பு வருவதற்கு அறைதான் வழியென்றால் நீ இத்தனை நாள் உன் வீட்டுக்காரரை எத்தனை அறை அறைந்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அன்றையிலிருந்து என்னோடு லிஃப்டில் வராமல் படியேறிப் போய்க்கொண்டிருந்தாள், உடம்புக்கு நல்லதுதான்.

இனிச் சண்டைப் படம் எப்படிப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. எனக்குச் சண்டைக் காட்சி பார்க்கப் பிடிக்காது. முதல் உதை விழுந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன், டீ போடுவேன், பாத்திரம் இருந்தால் கழுவுவேன். அண்ணி, முடிஞ்சிருச்சு வாங்க என்று உன் அத்தை கூப்பிட்டதும் திரும்பி வந்து உட்காருவேன். என்ன நடந்தது என்று கேட்பேன். ரெண்டு பேரை லேசா தள்ளினான் அண்ணி, அவனுங்களும் மன்னிச்சு விட்டுட்டானுங்க என்பாள். அவளுக்குச் சண்டைப் படம் என்றால் பைத்தியம், என்னிடமிருந்து எப்படியாவது ஐந்து மார்க் வாங்கிப் படத்தை ஹாலுக்கு அனுப்புவதுதான் அவள் நோக்கம். நான் அவள் பேச்சை நம்பாமல் காதை நம்பினேன். கண்ணாடி உடைகிற சத்தம் வந்தால் ஒரு மார்க் குறைப்பேன், யாராவது அலறினால் இரண்டு. ஒருதடவை கண்ணாடிச் சத்தத்துக்கு நான் குறைத்த மார்க், உன் அத்தை பரபரப்பில் தன் டீக் கோப்பையைக் கீழே போட்டு உடைத்ததற்கு என்பது பிறகுதான் தெரிந்தது, அதற்குள் பலகையில் ஏறிவிட்டது, அந்தப் படமும் போய்விட்டது. இப்படியாக நம் ஹாலில் இதுவரை ஒரு சண்டைப் படமும் தேறியதில்லை.

இந்த நிலையில் உன் படம் வந்தது. பல் டாக்டர் கதவைத் தட்டி, பென் டிரைவை விபூதி மாதிரி இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முதலிலேயே சொல்லிவிட்டேன், பெற்ற பிள்ளையின் தாளைத் தாய் திருத்துவது முறையில்லை, இந்த மாதம் நான் விலகிக்கொள்கிறேன், நீங்களே மார்க் போடுங்கள் என்று. அதற்கு அவர், நானா, அவனுக்கு முதல் பால் பல்லைப் புடுங்கினவனே நான்தாங்க, புடுங்கினப்போ என் விரலைக் கடிச்சான், அந்தப் பாசம் போகுமா, நான் பத்துக்குப் பன்னிரண்டு போடுவேன் பரவாயில்லையா என்றார். உன் அத்தையோ, அண்ணி, விலகிக்கிட்டா பிள்ளைக்குப் பயந்து ஒளிஞ்சிட்டாங்கன்னு சொல்வாங்க, போட்டா பிள்ளைக்காகப் போட்டாங்கன்னு சொல்வாங்க, எப்படியும் பேசப்போறாங்க, படத்தைப் பார்த்துட்டாவது திட்டு வாங்குங்க என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். நான்கு மார்க் போட்டால், உன்னை அறிந்த இத்தனை பேர் முன்னால் உன் முதல் படத்தை உன் தாயே தள்ளிவிட்டதாக ஆகும். ஐந்து போட்டால், ஊர்ப் பிள்ளைக்கு ஒரு மார்க், வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மார்க்கா என்று தையல்காரம்மா படியேறுவதை நிறுத்திவிட்டு லிஃப்டிலேயே குடியிருப்பாள். அவள் கேட்பது இருக்கட்டும், என்னை நானே கேட்பேனே, அதற்கு என்ன செய்வது.

படம் ஆரம்பித்தது. எழுத்து ஓடும்போது சண்டைப் பயிற்சி என்று போட்டு அதன் கீழே உன் பெயர் வந்தது. உன் அத்தை அதை உரக்கப் படித்தாள், எனக்குப் புதுக் கண்ணாடி இருக்கிறது என்பதை மறந்துவிட்டாள். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை, உணவு விடுதியில் சமையல் வேலை பார்க்கும் ஒருவன், பழைய முதலாளியின் அடியாட்களிடமிருந்து தன் கூட்டாளியையும், அவர்கள் தூக்கிக்கொண்டு போகும் கதாநாயகியையும் காப்பாற்றுகிறான். முதல் அடியாள் கதவை உதைத்துத் திறந்தான், நான் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டேன். உன் அத்தை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். உட்காருங்க அண்ணி, இது உங்க பிள்ளை எழுதின பரிட்சை, சமையலறையில நின்னுக்கிட்டா திருத்துவீங்க என்றாள். கான்வென்ட்டில் எங்களுக்குக் கட்டுரை திருத்திய சிஸ்டரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், கடைசி முற்றுப்புள்ளி வரை படிக்காமல் சிவப்புப் பென்சிலைக் கையில் எடுக்க மாட்டார், முதல் வரியே கோணலாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் படிப்பார். அவரிடம் படித்தவள் இத்தனை நாள் சமையலறையில் நின்று பாத்திரச் சத்தத்துக்கும் பட்டாக்கத்திச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் மார்க் போட்டிருக்கிறேன். உட்கார்ந்துவிட்டேன். கை மட்டும் நாற்காலிப் பிடியை விடவில்லை. என்ன இவ்வளவு நேரமா ஒரு சண்டை நடக்கும் என்று கேட்டதற்குப் பல் டாக்டர், பொய் சொல்லத் தெரியாத மனுஷர், இது சின்னச் சண்டைதாங்க, போன மாசம் நீங்க டீ போட்ட சண்டையில ஒரு மார்க்கெட்டே தரைமட்டம் ஆயிடுச்சு என்றார். உன் அத்தை கூரையைப் பார்த்தாள். லேசா தள்ளினானா என்று நானும் கேட்கவில்லை.

பிறகு அந்தச் சமையலறைச் சண்டை வந்தது. ஆள் ஒருவர் நடக்கிற அகலம்தான் இடம், அடுப்பில் பெரிய பாத்திரத்தில் எண்ணெய் காய்கிறது, மூன்று பேர் அவனை நெருக்கிக்கொண்டு வருகிறார்கள். அடிக்கப் போகிறான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, அவன் ஒரு கையை நீட்டி, கொஞ்சம் இருங்கள் என்கிற மாதிரி அவர்களை நிறுத்தினான். திரும்பி அடுப்பை அணைத்தான். அலமாரி விளிம்பில் இருந்த கண்ணாடி ஜாடியை எடுத்து உள்ளே தள்ளி வைத்தான். பிறகு திரும்பி முதல் அடியை அடித்தான். உன் அத்தை கைதட்டிச் சிரித்தாள், பல் டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீயும் உன் அக்காவும் சாதாரணமாகவா சண்டை போட்டீர்கள். ரப்பருக்குச் சண்டை, ஜன்னலோரத்துக்குச் சண்டை, யார் முதலில் பிறந்தார்கள் என்பதற்குக்கூடச் சண்டை. தடுக்க முடியாமல் கடைசியில் நான் மூன்று சட்டம் போட்டேன். அடுப்பு எரிந்தால் அணைத்துவிட்டு அடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சாமானை நகர்த்தி வைத்துவிட்டு அடித்துக்கொள்ளுங்கள். யார் தள்ளிவிட்டார்களோ அவர்களே தூக்கிவிட வேண்டும். உன் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, பேசாம ஒரு மணியும் வாங்கி மாட்டிடு, ரவுண்டு ரவுண்டா நடத்தலாம் என்பார். இதையெல்லாம் நீ மறந்திருப்பாய் என்றுதான் நினைத்தேன். தாய் சொன்னதில் எது பிள்ளை மனதில் தங்கும் என்று யாரால் சொல்ல முடிகிறது. பாடம் படி, பெரியவர்களுக்கு மரியாதை கொடு, கையெழுத்தை நேராக எழுது என்று நான் தொண்டை வறளச் சொன்னதெல்லாம் எங்கே போயிற்றோ, அடுப்பை அணை என்று ஆத்திரத்தில் கத்தியது மட்டும் திரையில் வந்து நிற்கிறது.

அதற்குப் பிறகு சண்டைகளை நான் கண் எடுக்காமல் பார்த்தேன். கீழே விழுந்தவனை அவன் மறுபடி மிதிக்கவில்லை. தன்னைவிடச் சின்ன ஆளாக ஒருவன் வந்தபோது ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். சந்தில் குழந்தை சைக்கிள் குறுக்கே கிடந்தது, அதைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினான். உன் அத்தைக்கு அடி தெரிந்தது, எனக்கு அடிக்கு முன்னால் இருக்கிற அந்த ஒரு நொடி தெரிந்தது. அதை நீதான் வைத்திருக்கிறாய், கதை எழுதினவர் வைத்திருக்க மாட்டார். கட்டடம் வரைந்த கை வீண் போகவில்லை என்றும் நினைத்தேன், யார் எங்கே நிற்கிறார்கள், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எனக்கு எந்த இடத்திலும் குழப்பமே வரவில்லை, அந்தக் குடும்பப் படத்தில் அந்த வீட்டுக்கு எத்தனை அறை என்றே கடைசி வரை புரியவில்லை.

கிடங்கில் நடக்கிற கடைசிச் சண்டையில், இரும்புப் படிக்கட்டின் மேலிருந்து மஞ்சள் சட்டை போட்ட ஒருவனை அவன் தள்ளிவிடுகிறான், அந்த ஆள் படிக்குப் படி உருண்டு கீழே வந்து விழுகிறான். நான் பல் டாக்டரிடம் அதைத் திரும்பப் போடச் சொன்னேன். பார்த்தேன். இன்னொரு தடவை என்றேன். அண்ணிக்கு ருசி பிடிச்சிருச்சு என்று உன் அத்தை பல் டாக்டரிடம் கண்ணடித்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குப் போனேன், டீ போடவில்லை, சும்மா நின்றேன். பிறகு வந்து ஒழுக்கத்துக்கு ஏழு என்றேன். எட்டா இருந்தா குறைச்சலா என்று உன் அத்தை ஆரம்பித்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொழுதுபோக்குக்குப் பத்து, என் பம்பரத்துக்குப் பத்துக்குக் கீழ யாரு போடுவா என்று முடித்துக்கொண்டாள். சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்காததற்கு அவள் உனக்கு வைத்த பெயர், இன்னும் விடவில்லை.

சனிக்கிழமை ஹால் நிறைந்து, பின்னால் நாற்காலி போதாமல் டேபிள் டென்னிஸ் மேஜையை மறுபடி விரித்து அதன்மேல் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அக்கா குடும்பத்தோடு எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தாள். படம் தொடங்குமுன் பல் டாக்டர் எழுந்து நின்று, இந்தப் படத்தின் ஸ்டன்ட் மாஸ்டர் நம் கட்டடத்தில் வளர்ந்த பிள்ளை, அவருடைய அம்மா இங்கேதான் இருக்கிறார் என்று என்னைக் காட்டிவிட்டார், எல்லாரும் திரும்பினார்கள். தையல்காரம்மா, டெக்னிக்கல்ல இருக்கான்னு சொன்னீங்க என்றாள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, சண்டை போடக் கற்றுக்கொடுக்கிறான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொன்ன பிறகு அது அப்படி ஒன்றும் கடினமான வாக்கியமாகத் தெரியவில்லை, ஏன் இத்தனை வருஷம் சுற்றி வளைத்தேனோ. சமையலறைச் சண்டையில் அவன் அடுப்பை அணைத்தபோது ஹாலே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் உன் அக்கா மட்டும் திரும்பி, இருட்டில் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், அவள் திரும்பிக்கொண்டாள், முந்தானை கண்ணுக்குப் போனது. படம் முடிந்து நான் லிஃப்டில் ஏறியதும் தையல்காரம்மாவும் ஏறினாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று தயாராக நின்றேன். பெத்த பிள்ளைக்கு ஏழு போட்டுட்டீங்களே, மனசு கல்லும்மா உங்களுக்கு, நான் எட்டாவது போட்டிருப்பேன் என்றாள். மூன்றாம் மாடி வரும்வரை அந்த எட்டுக்காக என்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். கதவு திறந்ததும், கோபத்துக்கு முன்னால் தைத்துக் கொடுத்த என் ரவிக்கைக்குக் கழுத்து இறக்கமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள், சமாதானம் ஆகிவிட்டது.

ஏழுக்குக் காரணம் கேட்பாய், சொல்கிறேன். ஒரு மார்க் அந்தக் கதாநாயகிக்காகக் குறைத்தது. தூக்கிக்கொண்டு போவதற்கும் மீட்டுக்கொண்டு வருவதற்கும் தவிர அந்தப் பெண்ணுக்குப் படத்தில் ஒரு வேலையும் இல்லை, சூட்கேஸ் இருந்தாலும் கதை அப்படியே நடந்திருக்கும். அது உன் கையில் இல்லை, தெரியும், மார்க் படத்துக்குத்தானே. இன்னொன்று, அவன் தன் அம்மாவிடம் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன் என்று பொய் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு. காயத்தை மறைத்து முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான், அந்த அம்மா ஒன்றும் தெரியாமல் பரிமாறுகிறாள், ஜனங்கள் சிரிக்கிறார்கள். எந்த அம்மாவும் அவ்வளவு மக்கு இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பாள், அது வேறு.

மூன்றாவது மார்க் அந்த மஞ்சள் சட்டைக்காரனுக்காக. அவன் படிக்கட்டில் விழுந்து கிடக்கிறான், கதாநாயகன் அவனைத் தாண்டிக் குதித்து ஓடுகிறான், மற்றவர்களும் தாண்டி ஓடுகிறார்கள், படம் அவர்களோடு போய்விடுகிறது. அவன் எழுந்தானா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் இரண்டு சட்டத்தை அவ்வளவு அழகாக வைத்த நீ, மூன்றாவதை விட்டுவிட்டாயே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் திரும்பப் போடச் சொன்னேன். முகம் எங்கேயும் தெரியவில்லை, சரிதான், முகம் எதற்கு. காதில் ஆபரேஷன் ஆனபோது உனக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து எங்கே விழுந்தாலும் உன் இடது கை முதலில் இடது காதைப் பொத்தும், முழங்காலைப் பிறகுதான் நினைப்பாய், அதனால்தான் உன் முழங்கால் ஒருநாளும் தோலோடு இருந்ததில்லை, மருந்து போட்டவள் நான். அந்த மஞ்சள் சட்டைக்காரன் உருளும்போது இரண்டு படிக்குள் இடது கை காதுக்குப் போய்விட்டது. வலது முழங்கால் கீழ்ப்படியில் மோதியது. அந்தச் சத்தம் படத்துக்காகச் சேர்த்ததா, நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை, மூன்று தடவை கேட்டும் தெரியவில்லை. போன வருஷக் கடைசியில் நீ மாடி அறையை விட்டுத் தரைத்தளத்து அறைக்கு மாறினாய், கீழே நல்ல காற்று அம்மா என்று எழுதினாய். காற்று எந்த ஊரிலும் மாடியில்தான் அதிகம் மகனே. அப்போதும் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. சொல்லிக் கொடுக்கிற பையன்கள் செய்யப் பயந்த ஒன்றை நீயே செய்திருப்பாய், அது எனக்குப் புரிகிறது, அப்படிச் செய்யாவிட்டால்தான் நீ யார் பிள்ளை என்று யோசித்திருப்பேன். நீ இனி விழவே கூடாது என்று சத்தியம் வாங்கவும் போவதில்லை, வாங்கினால் நீ மறுபடி முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடிதம் எழுதுவாய். எனக்கு வேண்டியது வேறு. உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாய் அல்லவா, இதோ, நல்ல வேலை, நேர்மையான வேலை, கடைசி முற்றுப்புள்ளி வரை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அடுத்த படம் வரும்போது நான் சமையலறைக்குப் போக மாட்டேன், உன் அத்தையிடமும் சொல்லிவிட்டேன், இனித் தன் டீயைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்று வருத்தத்தில் இருக்கிறாள். நீயும் இனி உள்ளதை உள்ளபடி எழுது, கையை உடைத்துக்கொண்டாலும் எழுது, இன்னொரு கையால் எழுது. முழங்காலை நல்ல டாக்டரிடம் காட்டு, எலும்பு டாக்டரிடம் காட்டு, உன் கூட்டாளிகளில் ஒருவன் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதைக் காட்டினது என்று கணக்கில் சேர்க்காதே. பிறகு அந்த மூன்றாவது மார்க்கைத் தருகிறேன், பலகையில் ஏழை அழித்து எட்டாக்கினால் தையல்காரம்மாவுக்கும் வாய் அடைத்துவிடும்.

உன் அத்தை உனக்குத் தன் ஆசீர்வாதத்தையும், அடுத்த படத்தில் கட்டாயம் ஒரு மோட்டார் படகுச் சண்டை வேண்டும் என்கிற விண்ணப்பத்தையும் தெரிவிக்கச் சொன்னாள். அக்கா தனியாக எழுதுகிறாளாம், ஜன்னலோரம் அவளுடையதுதான் என்று ஒப்புக்கொண்டால்தான் பாராட்டுவாளாம். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள், அறையை விட்டுக் கிளம்பும்போது அடுப்பை அணைத்தாயா என்று ஒருமுறை திரும்பிப் பார். கடவுள் உன் கையையும் காலையும் காப்பாற்றட்டும், நீ எடுத்த வேலையில் உன் பெயர் நிலைக்கட்டும், எங்கே விழுந்தாலும் முழுதாக எழுந்திருக்கிற வரம் உனக்கு என்றும் இருக்கட்டும். பதில் எழுதும்போது மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் முதல் வரியிலேயே எழுது. அன்றைக்கு அந்தப் படிக்கட்டுக்குக் கீழே, காட்சி முடிந்த பிறகு, தள்ளிவிட்டவன் திரும்பி வந்து உன்னைத் தூக்கிவிட்டானா?

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா